சிவப்பு நீக்கம்

திரையில் குராமோச்சி தமோட்சுவின் மார்புப் பரிசோதனை அட்டை பளிச்சென்று சுத்தமாக இருந்தது. அந்தச் சுத்தம்தான் உபுகாதா சுமியேவுக்குச் சரியாகப் படவில்லை.

தமோட்சுவின் மனைவி ஹருயோ, சுமியே இருக்கும் அதே ஸ்கேனிங் கூடத்தில் ஸ்டேப்பிள் பின் பிடுங்கும் வேலை பார்க்கிறாள். பெட்டியிலிருந்து காகிதத்தை எடுத்து, பின் பிடுங்கி, கிளிப் கழற்றி, மடிப்பை நீவி, ஸ்கேனர் வாய்க்குப் பதமாக அடுக்கிக் கொடுக்க வேண்டும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கக் கூடாது. பார்த்துத் தொலைத்தாலும் பேசக் கூடாது. வேலைக்குச் சேரும்போதே அப்படி எழுதி வாங்கிவிடுவார்கள். ஆனால் புருஷன் பெயரே எதிரில் வந்து நின்றால் கண்ணை எங்கே கொண்டுபோய் வைப்பது? நேற்று மதியச் சாப்பாட்டில் ஹருயோ மேசைமேல் குனிந்து கிசுகிசுத்தாள்.

“சுமி சான், இன்னிக்கு எங்க வீட்டுக்காரரைப் பார்த்தேன்.”

“காலையிலதானே பார்த்துட்டு வந்தீங்க? அதுக்குள்ள என்ன அப்படி ஒரு ஏக்கம்?”

“அட சும்மா இரு. பெட்டிக்குள்ள பார்த்தேன். ஃபேக்டரியில எடுத்த பழைய பரிசோதனை அட்டை. ஒரே சிவப்பு! மீன் வெட்டுற பலகை கெட்டுது போ. அந்த டாக்டர் சிவப்புப் பேனாவால கிறுக்கித் தள்ளியிருக்கார். நெஞ்சுல நிழல் இருக்குன்னு ஒரு வரி மட்டும் கண்ணுல பட்டுச்சு.”

“ஐயையோ.”

“என்ன ஐயையோ? எவ்வளவு நல்ல சேதி அது!”

சொல்லும்போது ஹருயோவின் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. புருஷனுக்கு நெஞ்சில் நிழல் என்று தெரிந்து ஒரு பெண் இவ்வளவு சந்தோஷப்பட்டதை சுமியே அதுவரை பார்த்ததில்லை. காரணம் இருந்தது. தமோட்சு உழைக்கத் தெரிந்த காலமெல்லாம் கடற்கரையோரத்து உலைச் செங்கல் தொழிற்சாலையில் உழைத்தவர். இப்போது மாடிப்படியில் பாதியில் நின்று, சுவரில் மாட்டிய நாட்காட்டியை ரசிப்பதுபோல் பாவனை பண்ணி மூச்சு வாங்குகிறார். இது தூசியால் வந்த நோய் என்று தொழிலாளர் அலுவலகத்தில் விண்ணப்பம் போட்டிருந்தார்கள். வேலை பார்த்த காலத்துப் பரிசோதனை முடிவைக் கொண்டு வாருங்கள் என்றது அலுவலகம். எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம், முடிந்ததும் அதிலிருந்து அச்செடுத்துத் தருகிறோம் என்றது தொழிற்சாலை. அந்தப் பெட்டிகள் ஓகாயாமா ஊர்க்கோடியில் இருக்கும் இதே ஸ்கேனிங் கூடத்துக்கே வந்து சேரும் என்று யாருக்குத் தெரியும்?

இப்போது அந்த அட்டை, ஏற்றிய படங்களைச் சரிபார்க்கும் சுமியேவின் திரையில் இருந்தது. பெயர் தெளிவு. பிறந்த தேதி தெளிவு. பணியாளர் எண் கண்ணைப் பறித்தது. டாக்டரின் குறிப்பு இருக்க வேண்டிய கட்டத்தில் மட்டும் வெறும் வெள்ளை.

சுமியே கண்ணாடியைத் துடைத்தாள். திரையைத் துடைத்தாள். முந்தைய அட்டைக்குப் போனாள், அடுத்ததற்கு வந்தாள். எல்லோருக்கும் குறிப்புக் கட்டத்தில் வெள்ளை. அந்தத் தொழிற்சாலையில் ஒரு ஆளுக்குக்கூட ஒரு நாள்கூட ஒன்றும் வந்ததில்லை.

இதைச் செய்தது யாரென்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்த ஆளின் படத்தைக் கழிவறைக்குப் போகும் வழியில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். படத்தில் அவள் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பாள்.

நடந்தது இதுதான். அந்தக் கூடத்தில் மாதம் பிறந்தால் ஒவ்வொருவரும் ஒரு மேம்பாட்டு யோசனைச் சீட்டு எழுதிப் போட வேண்டும். மேம்படுத்த ஏதாவது இருக்கிறதா இல்லையா என்பது வேறு விஷயம், சீட்டு விழ வேண்டும். சுமியே வசந்தத்தில் குப்பைக்கூடையை மேசைக்கு இடப்பக்கம் வைக்கலாம் என்று எழுதினாள். ஏற்றுக்கொண்டார்கள். கோடையில் அதை வலப்பக்கம் வைக்கலாம் என்று எழுதினாள். அதையும் பாராட்டி ஏற்றுக்கொண்டார்கள். இலையுதிர் காலம் வந்தபோது கூடைக்கும் அலுத்துவிட்டது, அவளுக்கும் அலுத்துவிட்டது. அந்த நேரம் பார்த்து உலைச் செங்கல் கம்பெனியின் பெட்டிகள் வந்து இறங்கின.

அட்டைகளில் பெயரின் கடைசி எழுத்தின் மேல் பாதி படிகிற மாதிரி சிவப்பு முத்திரை குத்தியிருந்தது. ஜப்பானில் கையெழுத்துக்குப் பதில் அவரவர் பெயர் முத்திரைதான்; தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் குத்துகிறார்கள். முத்திரை பெயரின் வாலைக் கவ்வியிருந்தால்தான் கௌரவம். ஆனால் எழுத்தைப் படிக்கும் மென்பொருளுக்கு இந்தக் கௌரவமெல்லாம் தெரியாது. சிவப்பும் கறுப்பும் கலந்த இடத்தில் அது வாய்க்கு வந்ததைப் படித்தது. பெயரை எல்லாம் திரும்பக் கையால் அடித்து எல்லோருக்கும் விரல் வீங்கியது. சீட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போக ஆள் வந்து நின்றபோது, நின்றபடியே, பாதி விளையாட்டாக சுமியே எழுதிப் போட்டாள்: ஸ்கேனரில் சிவப்பை நீக்கும் பொத்தான் இருக்கிறதே, அதை அழுத்தினால் என்ன?

அழுத்தினார்கள். முத்திரைகள் மாயமாயின. பெயர்கள் குளித்துத் தலைவாரி வந்து நின்றன. சுமியேவுக்குச் சான்றிதழ், படம், காபிக்கடைக் கூப்பன். படம் இவ்வளவு தெளிவாக வருகிறதே என்று மேனேஜர் கொமோரி, காகிதத்தைத் திரையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையையே எடுத்துவிட்டார். அது அவருடைய மேம்பாடு. அதற்காகத் தன் படத்தை மாட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவு அடக்கம்.

சிவப்பில் எழுதுகிற டாக்டர் ஒருவர் உலகத்தில் இருக்கக்கூடும் என்று இருவருக்கும் தோன்றவே இல்லை.

கோபம் சுமியேவுக்கு முதலில் தன்மேல்தான் வந்தது. ஆனால் தன்மேல் கோபப்பட்டு என்ன ஆகப் போகிறது, தினமும் பல் விளக்கும்போது பார்க்கிற முகம்தானே. எழுந்து மேனேஜரின் கண்ணாடி அறைக்குப் போனாள்.

கொமோரி தொண்டை மாத்திரையைச் சப்பிக்கொண்டிருந்தார். அவர் வாயில் அது இல்லாத நேரம் கிடையாது.

“மேனேஜர், அட்டையில சிவப்பெல்லாம் போயிருக்கு.”

“ஆமா, அதுக்குத்தானே உங்களுக்குப் பரிசு குடுத்தோம்?”

“முத்திரை மட்டும் போகல. டாக்டர் எழுதின குறிப்பும் போயிருக்கு. நெஞ்சுல நிழல், மறுபடி பாக்கணும், அதெல்லாம் சிவப்புலதான் எழுதியிருக்காரு. ஒரே பொத்தான்ல ஒரு ஃபேக்டரியையே குணப்படுத்திட்டேன். எனக்குக் காபிக் கூப்பன் பத்தாது, கோயில் கட்டுங்க.”

கொமோரி மாத்திரையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். “ஒப்பந்தத்துல என்ன கேட்டிருக்காங்க? பேரு, பிறந்த தேதி, பணியாளர் எண். மூணும் தெளிவா இருக்கா?”

“இருக்கு.”

“அப்புறம் என்ன?”

“அப்புறம் என்னவா? நாளன்னைக்கு அந்தக் காகிதமெல்லாம் கரைக்கிற ஆலைக்குப் போய்க் கூழாகப் போகுது. கரைச்ச பிறகு இந்த வெள்ளைப் படம்தான் மிஞ்சும். நோயாளி போய் அச்செடுத்துக் குடுன்னு கேட்டா, நீ நல்லாத்தானே இருந்தேன்னு குடுப்பாங்க. ஒசாகாவுக்கு ஒரு மெயில் போடுங்க.”

ஒசாகாவுக்குத்தான் போட முடியும். செங்கல் கம்பெனி வேலையை டோக்கியோக் கம்பெனிக்குக் கொடுத்தது. டோக்கியோ தன் பங்கை எடுத்துக்கொண்டு ஒசாகாவுக்குத் தள்ளியது. ஒசாகா தன் பங்கை எடுத்துக்கொண்டு இங்கே தள்ளியது. இந்த மாதிரி கடைசியில் வந்து விழுகிற வேலைக்குத் தொழிலில் பேரன் ஒப்பந்தம் என்றே பெயர். பேரன் தாத்தாவோடு பேசக் கூடாது. அப்பனிடம் சொல்லலாம். அப்பனுக்குத் தோன்றினால் தாத்தாவிடம் சொல்லுவான்.

“மெயில் போடலாம்” என்றார் கொமோரி. “ஒசாகா அதைப் படிச்சு, கூட்டம் போட்டு, டோக்கியோவுக்கு அனுப்பி, டோக்கியோ கூட்டம் போட்டு... அதுக்குள்ள இந்தக் காகிதம் டாய்லெட் பேப்பரா மாறி நம்ம தெருக் கடைக்கே வந்துடும்.”

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். கரைத்த காகிதம் உண்மையிலேயே டாய்லெட் பேப்பராகத்தான் ஆகிறது. நல்ல ஜோக் என்று சுமியேவுக்கும் பட்டது. அதனால்தான் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

“அதோட, உபுகாதா சான்” என்று குரலைக் குழைத்தார், “இது யாரோட யோசனைன்னு மேல கேப்பாங்க. நான் என்ன சொல்லட்டும்? உங்க படம் வேற சுவர்ல சிரிச்சுக்கிட்டு இருக்கு. உங்களைக் காப்பாத்தத்தான் நான் பாக்கறேன்.”

அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. காப்பாற்றுகிறாராம்.

மாலையில் சைக்கிள் நிறுத்துமிடத்தில் சுமியே ஹருயோவைப் பிடித்தாள். சுற்றி வளைத்துச் சொல்லலாம் என்று மதியமெல்லாம் வாக்கியம் கோத்து வைத்திருந்தாள். வாயைத் திறந்ததும் எல்லாம் உதிர்ந்து போயின.

“ஹருயோ சான், அந்தச் சிவப்பு கம்ப்யூட்டர்ல ஏறல. அழிஞ்சு போச்சு. அழிச்சது நான்.”

ஹருயோ கூடைக்குள் பையை வைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். “நீயா?”

“அந்த யோசனைச் சீட்டு. சிவப்பை நீக்கற பொத்தான்.”

“காபிக் கூப்பன் குடுத்தாங்களே, அதுவா? என்னையும் கூட்டிட்டுப் போயி வாங்கிக் குடுத்தியே?”

“அதேதான்.”

“கசப்பா இருந்துச்சு. வாயைத் திறந்து சொல்ல வேணாம்னு குடிச்சேன்.”

பக்கத்துச் சாலையில் லாரிகள் போயின. பிறகு ஹருயோ சைக்கிளின் நிறுத்துகாலை ஓங்கி உதைத்தாள்.

“ஆக, எங்க வீட்டுக்காரரை நீ சொஸ்தப்படுத்திட்ட. ரொம்ப நன்றி. இன்னிக்கு இருமிக்கிட்டே படுப்பாரில்ல, அப்ப சொல்றேன், உங்களுக்கு ஒண்ணுமில்லையாம், உபுகாதா டாக்டரம்மா சொல்லிட்டாங்கன்னு.”

“ஹருயோ சான்...”

“பேசாத. இப்ப பேசினா நான் ஏதாவது சொல்லிடுவேன்.”

அவள் போன பிறகும் சுமியே அங்கேயே நின்றாள். இதுவரை சொன்னது ‘ஏதாவது’ இல்லை என்றால் பாக்கி எப்படி இருக்கும் என்று யோசித்தாள். நியாயமாகப் பார்த்தால் பாக்கியையும் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

மறுநாள் முழுக்க ஹருயோ அவள் பக்கம் திரும்பவில்லை. பின்களைப் பல் பிடுங்குவதுபோல் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். சுமியே கொமோரியிடம் இன்னும் இரண்டு தரம் போனாள். முதல் தரம் கூட்டம் என்றார். இரண்டாம் தரம் கூட்டத்துக்குத் தயாராக வேண்டும் என்றார்.

ஒப்படைக்கும் நாளன்று செங்கல் கம்பெனியின் நிர்வாகப் பிரிவிலிருந்து ஒகினோ என்பவர் வந்தார். மென்மையான மனிதர். இனிப்பு உருண்டைப் பெட்டியை இரண்டு கையாலும் நீட்டி, எல்லோருக்கும் பகிர்ந்து கொடுக்கச் சொன்னார். துணைக்கு வந்த ஒசாகாக்காரர் ஒகினோ குனிந்தால் அவரைவிட ஒரு சாண் கீழே குனிந்தார். கொமோரி அதற்கும் கீழே குனிய வேண்டியிருந்ததால் ஏறத்தாழத் தரையைத் தொட்டார். சரக்கு இறக்கும் மேடையில் பெட்டிகள் பலகைகளின் மேல் அடுக்கியிருந்தன. காகிதம் கரைக்கும் ஆலையின் லாரியும் வந்து பின்கதவைத் திறந்து நின்றது. ஓட்டுநர் பந்தோ பெரிய உடம்புக்காரர், அவசரமே இல்லாதவர்.

மேடைக்குப் பக்கத்து மேசையில் ஒகினோவுக்குத் திரையைக் காட்டினார்கள்.

“அடேயப்பா” என்றார் ஒகினோ. “பேரெல்லாம் இன்னிக்கு அச்சடிச்ச மாதிரி இருக்கு.”

“இவங்க யோசனைதான்” என்று கொமோரி சுமியேவை முன்னே தள்ளினார். “உபுகாதா சான். மாசத்தோட சிறந்த மேம்பாடு வாங்கினவங்க.”

ஒகினோ அவளுக்கும் குனிந்தார். “ரொம்பக் கெட்டிக்காரத்தனம்.”

தாத்தாவுக்கும் மேலே இருப்பவர் தானாகவே வந்து பேரனின் வேலைக்காரியோடு பேசிவிட்டார். இனி விதி முறிந்தது முறிந்ததுதான் என்று சுமியே முடிவு பண்ணினாள்.

“கெட்டிக்காரத்தனம் இல்லைங்க, முட்டாள்தனம். முத்திரையோட சேர்த்து டாக்டர் சிவப்புல எழுதின நோயையும் அழிச்சுட்டேன். திரையில பாருங்க, உங்க ஆளுங்க எல்லாரும் நூறு வயசு இருப்பாங்க. காகிதத்துல அப்படி இல்ல.”

கொமோரியின் வாயில் மாத்திரை கடக்கென்று உடைந்தது. ஒசாகாக்காரர் யாருக்கென்று தெரியாமல் குனிந்தார்.

ஒகினோவின் புன்னகை மட்டும் இடம் மாறவில்லை. “அப்படியா. தெரியப்படுத்தினதுக்கு நன்றி. ஆனா ஒண்ணு, இதெல்லாம் சட்டப்படி வச்சிருக்க வேண்டிய காலம் முடிஞ்ச காகிதம். எப்பவோ எறிஞ்சிருக்கலாம். ஏதோ ஒரு நல்லெண்ணத்துல படமாவாவது இருக்கட்டும்னு பண்றோம். அதனால, இப்படியே ஏத்துக்கறோம்.”

இவ்வளவு மெதுவான குரலில் இவ்வளவு பெரிய கதவைச் சாத்த முடியும் என்று சுமியே நினைத்ததில்லை.

பந்தோ ஒப்படைப்புத் தாளை நீட்டினார். சரிபார்த்தவர் என்ற கட்டத்தில் சுமியேவின் முத்திரை விழுந்தால்தான் அவர் பெட்டியைத் தொடுவார். அந்தக் கூடத்துச் சீருடையில் பை கிடையாது, யாரும் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விடக் கூடாது என்பதற்காக. அதனால் எல்லோரும் முத்திரையைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார்கள். சுமியே தன்னுடையதைக் கையால் பொத்திக்கொண்டாள்.

“குத்துங்க, உபுகாதா சான்” என்றார் கொமோரி.

“குத்த மாட்டேன்.”

“விளையாடற நேரமா இது?”

“விளையாட்டா எழுதினதுலதான் இவ்வளவும் வந்துச்சு. இப்ப விளையாடல.”

கொமோரி அவள் காதருகே வந்தார். “நீங்க குத்தலைன்னா எதிர்த்தாப்பல நூறு யென் கடை இருக்கு. உபுகாதான்னு ஒரு முத்திரை வாங்கிட்டு வந்து நானே குத்துவேன்.”

“தாராளமா போயிட்டு வாங்க.”

மனிதர் உண்மையிலேயே போனார். அந்தக் கடையில் ஒரு சுழலும் கம்பத்தில் ஊரிலுள்ள குடும்பப் பெயருக்கெல்லாம் முத்திரை தொங்கும். சுமியே பள்ளி நாளிலிருந்து எத்தனையோ கடைகளில் எத்தனையோ கம்பங்களைச் சுற்றிவிட்டிருக்கிறாள். உபுகாதா மட்டும் இருந்ததே இல்லை. இப்படியொரு பெயரில் என்னைப் பெற்றார்களே என்று அம்மாவிடம் சண்டை போட்டிருக்கிறாள். கல்யாணம் பண்ணியாவது பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்று பார்த்தாள், அதுவும் நடக்கவில்லை. கொமோரி மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது அவர் கையில் இருந்தது ஒரு புதிய தொண்டை மாத்திரை டப்பா மட்டுமே.

அதற்குள் பின் பிடுங்கும் மேசையிலிருந்து ஹருயோ எழுந்து மேடைக்கு வந்திருந்தாள். ஒகினோவின் முன்னால் போய்க் குனிந்தாள்.

“நான் குராமோச்சி தமோட்சுவோட வீட்டுக்காரி. உங்க சூளையில இருந்தாரே, அவரு.”

இப்போதுதான் ஒகினோவின் புன்னகை கொஞ்சம் சரிந்தது. விண்ணப்பம் போட்டவரின் பெயர் அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு கணம் யோசித்தார்.

“சரி. உங்க வீட்டுக்காரர் அட்டையை மட்டும் தனியா எடுத்து, கலர்ல ஸ்கேன் பண்ணி இப்பவே தரச் சொல்றேன். அசலும் எடுத்துக்குங்க. விசேஷ ஏற்பாடு. மத்ததெல்லாம் லாரியில போகட்டும். சரிதானே?”

“அருமையான ஏற்பாடு!” என்றார் கொமோரி. ஒசாகாக்காரர் நிம்மதியோடு குனிந்தார்.

சுமியேவுக்குள்ளும் ஏதோ ஒன்று சட்டென்று தளர்ந்தது என்பதை மறைக்க வேண்டாம். ஹருயோவுக்கு வேண்டியது கிடைத்துவிடும். தான் செய்த தப்பு துடைத்த மாதிரி ஆகிவிடும். கழுத்துக் கயிற்றைக் கழற்றி ஒரு குத்து, அப்புறம் வீட்டுக்குப் போய்க் காலை நீட்டலாம். தன் மனசு இப்படிக் கணக்குப் போடுவதைப் பார்த்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது. ஆனால் வேண்டாம் என்று ஹருயோவிடம் சொல்ல அவளுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

“ரொம்ப நன்றிங்க” என்று ஹருயோ ஆழமாகக் குனிந்தாள். “கையோட குடுத்துடுங்க.”

பெட்டியைப் பிரித்து அட்டையை எடுத்தார்கள். சுமியேதான் பொத்தானை மாற்றி ஸ்கேனரில் கொடுத்தாள். திரையில் சிவப்பு எழும்பி வந்தது. அச்செடுத்த தாளையும் அசலையும் ஹருயோ வாங்கிக்கொண்டு, வெளிச்சத்துக்காக மேடை ஓரத்துக்குப் போனாள். அன்றைக்கு மேசையில் ஓரக்கண்ணால் ஒரு வரிதான் பார்த்திருந்தாள். இப்போது முதல் வரியிலிருந்து விரல் வைத்துப் படித்தாள். விரல் ஒரு வரியில் நின்றுவிட்டது.

“ஹெய்செய் ஆறு” என்றாள்.

உலகக் கணக்கில் 1994.

“ஹெய்செய் ஆறுலயே எழுதியிருக்கு. வலது நுரையீரல்ல நிழல், தூசி வேலையிலேர்ந்து மாத்தணும்னு. எங்க பையன் ஸ்கூல்ல சேர்ந்த வருஷம் அது.” ஒகினோவைப் பார்த்தாள். “அந்த வருஷம் வீட்டுக்குக் குடுத்தனுப்பின சீட்டுல ‘குறை எதுவும் இல்லை’ன்னு அச்சடிச்சிருந்துச்சுங்க. ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டி வச்சேன். அதை நம்பித்தான் அவரு சூளைக்குள்ளயே கூடுதல் ஷிஃப்ட் பார்த்தாரு. இவரு நல்லா இருக்காருன்னு நானும் திட்டித் திட்டி அனுப்பினேன், வீட்டுல உக்காந்தா சோம்பேறி ஆயிடுவீங்கன்னு.”

“அது அந்தக் காலத்து டாக்டர்...” என்று தொடங்கினார் ஒகினோ.

“டாக்டர் எழுதிட்டாரே, பாவம். கீழ குத்தியிருக்கற முத்திரையெல்லாம் யாரோடதுங்க?”

கலரில் முத்திரைகளும் திரும்பி வந்திருந்தன. டாக்டருடையதற்குப் பக்கத்தில் வரிசையாக மூன்று. படித்தேன், அறிந்தேன் என்று குத்துகிற முத்திரைகள். சிவப்பை நீக்கியபோது நோய் மட்டும் போகவில்லை, அதைத் தெரிந்து வைத்திருந்தவர்களும் போயிருந்தார்கள் என்பது சுமியேவுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஒகினோ குனிந்து பார்த்தார். இந்த முறை மரியாதைக்காக அல்ல. “நடுவுல இருக்கறது எங்க பழைய தலைவர்” என்றார், யாரும் வற்புறுத்தாமலே. பிறகு வாயை மூடிக்கொண்டார்.

ஹருயோ தாளை நான்காக மடித்தாள். சீருடையில் பை இல்லாததால் கழுத்து வழியாக உள்ளே செருகிக்கொண்டாள். அசலையும் செருகிக்கொண்டாள். பிறகு நேராகப் பெட்டிகள் அடுக்கிய பலகைக்குப் போய், ஏறி, மேல் பெட்டியின்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

“குராமோச்சி சான்!” கொமோரி பதறினார். “உங்க வேலைதான் முடிஞ்சுதே!”

“என்னோடது முடிஞ்சுது. இதுக்குள்ள இருக்கறவங்களோடது முடியல. எங்க வீட்டுக்காரரோட உக்காந்து சோறு தின்ன ஆளுங்க இவங்க. எங்க கல்யாணத்துல குடிச்சுட்டுப் பாடினவங்க. அவங்க வீட்டு ஃப்ரிட்ஜ்லயும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும்.”

“ஒத்துக்கிட்டுத்தானே வாங்கினீங்க?” என்றார் கொமோரி.

“நன்றின்னு சொன்னேன். ஒத்துக்கிட்டேன்னு எப்ப சொன்னேன்?”

சுமியேவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கரித்தது. போய் அடுத்த பலகையின்மேல் ஏறி உட்கார்ந்தாள். ஏறும்போது முழங்கால் மடக்கென்றது. கம்பீரமாக இருந்திருக்க வேண்டிய நேரம், ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

“நீங்களுமா?” என்றார் கொமோரி. “உங்க ஒப்பந்தம் மார்ச்சோட முடியுது, ஞாபகம் இருக்கட்டும்.”

“இருக்கு. அந்தப் படத்தை இப்பவே கழட்டிடுங்க. இளிச்சுக்கிட்டு நிக்கறதைப் பார்த்தா எனக்கே அறையணும்போல இருக்கு.”

பந்தோ இவ்வளவையும் லாரிக் கதவில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது தாளை மடித்தார்.

“மேனேஜர், முத்திரை இல்லாம நான் ஏத்த மாட்டேன். மேல ஆள் உக்காந்திருந்தா சுத்தமா ஏத்த மாட்டேன். காகிதம் கரைக்கத்தான் எங்களுக்கு லைசென்ஸ், பொம்பளைங்களைக் கரைக்க இல்ல.”

கதவைச் சாத்திவிட்டு வெறும் லாரியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஒகினோ மேடையின் கோடிக்குப் போய்த் தொலைபேசியில் பேசினார். சுவரைப் பார்த்துக் குனிந்து குனிந்து பேசினார். அவருக்குத் திடீரென்று மனசு இளகிவிட்டது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஹருயோவின் சட்டைக்குள் இருக்கும் தாள் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போகும். அங்கே போனால் மற்றவர்களுடையதையும் காட்டு என்பார்கள். ஒருவருக்கு இவ்வளவு சிவப்பு, மற்ற எல்லோருக்கும் வெள்ளை என்றால் அது வேண்டுமென்றே மறைத்ததாகத்தான் தெரியும். காகிதத்தை வேறு அன்றைக்கே கரைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். அதைத் தொலைபேசியின் மறுமுனையில் இருந்தவரும் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

திரும்பி வந்து, “எல்லாத்தையும் கலர்ல மறுபடி எடுத்துடுங்க” என்றார். “அதுவரைக்கும் காகிதம் இங்கேயே இருக்கட்டும்.” கூடுதல் செலவு எங்கள் பக்கம் வராது என்று ஒசாகாக்காரரைப் பார்த்துச் சொன்னார். எங்கள் பக்கமும் வராது என்று ஒசாகாக்காரர் கொமோரியைப் பார்த்துச் சொன்னார். கொமோரி பின்னால் திரும்பிப் பார்த்தார். பேரனுக்குப் பின்னால் யாரும் இல்லை.

புது டப்பாவைப் பிரித்து இரண்டு மாத்திரையை ஒன்றாக வாயில் போட்டுக்கொண்டு அவர் கண்ணாடி அறைக்குள் போனார். ஒகினோ கிளம்பும்போது பலகைமேல் இருந்த இருவரையும் பார்த்துக் குனிந்தார். சுமியே பதிலுக்குக் குனியவில்லை. ஐம்பத்து நான்கு வயதில் முதல் தடவையாக ஒருவர் குனிந்ததற்குக் குனியாமல் உட்கார்ந்திருந்தாள். கழுத்து நரம்பு தானாகவே முன்னே போகப் பார்த்தது. இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

மதியத்துக்கு மேல் வேலையை முதலிலிருந்து தொடங்கினார்கள். ஹருயோ கட்டைப் பிரித்து அடுக்கிக் கொடுக்க, சுமியே ஸ்கேனர் அருகே நின்றாள்.

“உன்மேல கோபம் எனக்கு இன்னும் போகல” என்றாள் ஹருயோ, நிமிராமல்.

“போக வேணாம். எனக்கும் போகல.”

“உனக்கு யார்மேல?”

“வரிசையா சொன்னா பொழுது போயிடும். முதல் பேரு என்னோடதுதான்.”

“அது சரி” என்றாள் ஹருயோ. “அந்தக் கட்டைக் குடு.”

முதல் அட்டை உருண்டு போய்த் திரையில் எழும்பியது. யாரோ ஒரு ஷிராஹாமா. குறிப்புக் கட்டத்தில் சிவப்பு. ஹருயோ எட்டிப் பார்த்தாள். “எப்பவும் சிரிச்சுக்கிட்டே இருப்பாரு” என்றாள். “போன வருஷம் போயிட்டாரு.”

பார்த்ததைப் பேசக் கூடாது என்ற விதி அங்கே இன்னும் இருக்கத்தான் செய்தது.

அடுத்தது சிவப்பு. அதற்கடுத்தது ஒன்றுமில்லை, நல்ல வெள்ளை, உண்மையான வெள்ளை. அதற்கடுத்தது மேலிருந்து கீழ்வரை சிவப்பு, கீழே அதே மூன்று முத்திரைகள். சுமியே பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த கட்டை ஸ்கேனருக்குக் கொடுத்தாள்.